காலாப்பட்டு வாசல் யாருக்கு?

வானூர் வட்டத்தை ஒட்டியே இருக்கிறது காலாப்பட்டு. அங்கே 1985-ல் மத்திய சர்க்கார் நிறுவிய புதுவைப் பல்கலைக்கழகம். நம் கூலி விவசாயிகளின் பிள்ளைகள் அதன் வாசலைப் பஸ்ஸில் கடந்து போகிறார்கள். உள்ளே போக வழி?

2022 முதல் அங்கே இளநிலைச் சேர்க்கைக்கு 'கியூட்' என்னும் பொது நுழைவுப் பரீட்சை. பிளஸ் டூ மார்க் மனுப் போடத்தான் உதவும். இடம் கொடுப்பது கியூட் மார்க். தமிழிலும் எழுதலாமாம்! பாஷை தமிழ், பாடமோ என்.சி.இ.ஆர்.டி. பாடம். சர்க்கார் பள்ளிப் பிள்ளை படித்தது வேறு புத்தகம். இந்த இடைவெளியில்தான் கோச்சிங் வியாபாரி கடை விரிக்கிறான். நாற்று நட்ட கூலியில் அவனுக்குக் கட்டணம் கட்ட முடியுமா?

"போர்டுக்குப் போர்டு மார்க் மாறுகிறதே, ஒரே அளவுகோல் வேண்டாமா?" என்கிறார்கள் கனவான்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. வெவ்வேறு போர்டு மார்க்கைச் சமன்செய்தே இடம் கொடுக்கிறார்கள். அதனால் எந்தப் பாலம் இடிந்து விழுந்தது?

ஸ்காட்லாந்து சோஷலிச நாடல்ல. அங்கேகூட, 2016-ல் சர்க்கார் நியமித்த கமிஷன் சொன்னபடி, வறிய பகுதி மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் மார்க் வரம்பைக் குறைத்து வைத்திருக்கின்றன. இங்கே வறியவனுக்குக் கூடுதலாக ஒரு பரீட்சை!

2022 ஏப்ரல் 11-ல் தமிழகச் சட்டமன்றம் கியூட்டை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. டில்லி அசையவில்லை. ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் நாம் இதைப் பேசவேண்டும், தோழர்களே! கியூட்டை ரத்துச் செய்! பிளஸ் டூ மார்க்கைக் கொண்டே காலாப்பட்டில் இடம் கொடு!