குஞ்சுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்றா?

சாத்தூர், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போகிற பெண்கள் வீட்டில்கூட கொல்லையில் ஐந்தாறு கோழி மேய்வதைப் பார்க்கலாம். தீபாவளி முடிந்து ஆபீஸ் பூட்டியிருக்கும் நாட்களில் கைச்செலவுக்கு உதவுவது இந்த முட்டைக் காசுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வெடைக்கோழியைப் பிடித்து விற்று டாக்டரிடம் ஓடுகிறோம். ஆகையால் ஒரு குஞ்சு செத்தாலும் நமக்கு அது நஷ்டக் கணக்குதான்.

வீட்டுக்கோழி என்றால் ஒரே வயதில் இருக்குமா? குஞ்சுகளோடு ஒரு தாய், முட்டைக்கு வரப்போகும் வெடை இரண்டு, முட்டையிடுவது மூன்று, ஒரு சேவல். ஒரு குடும்பமே இருக்கிறது. வாங்குவதோ ஒரே மூட்டைத் தீவனம். எதை வாங்குவது?

எங்கள் தெருவில் ஒரு அக்கா, முட்டை கூடட்டும் என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு லேயர் தீவனத்தையே எல்லாவற்றுக்கும் போட்டு வந்தார். ஒன்றரை மாதத்தில் வளர்கிற குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து, வெள்ளையாகக் கழிந்து விழுந்தன. கால்நடை டாக்டர் ஒன்றை அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் வீங்கி, உள்ளே சுண்ணாம்பு பூசினாற்போல் இருந்ததாம். கழிச்சல் நோய் என்று எண்ணிப் பாட்டி வைத்தியம் செய்துகொண்டிருந்த நேரத்தில் வினை தீவனத் தட்டில் இருந்திருக்கிறது!

காரணம் சிக்கலானதல்ல. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. நாமக்கல் பண்ணையில் கூண்டிலிருக்கும் வெள்ளைக்கோழி வருஷத்துக்கு 300 முட்டை இடுகிறது. அதற்காகத்தான் லேயர் தீவனத்தில் நூற்றுக்கு மூன்றரை, நான்கு பங்கு கால்சியம் சேர்க்கிறார்கள். குஞ்சுக்கு வேண்டியது ஒரு பங்குதான். மிச்சத்தை வெளியேற்ற முடியாமல் அதன் சிறுநீரகம் கெடுகிறது. நம் நாட்டுக்கோழியோ பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். அதற்கே நாமக்கல் கோழியின் சாப்பாடு அவசியமில்லை, சேவலுக்குக் கேட்கவே வேண்டாம்.

அதனால் நான் சொல்வது இதுதான்: எல்லாருக்கும் பொதுவாகக் குரோயர் தீவனம், கிளிஞ்சல் தனிக் கிண்ணத்தில். கிளிஞ்சலை இடித்துக் கொட்டாங்கச்சியில் ஓர் ஓரமாக வைத்துவிடுங்கள். முட்டையிடுகிற கோழி தானே தேடிப் போய்க் கொத்தும், மற்றவை சீண்டாது. கிளிஞ்சல் கிடைக்காவிட்டால் வீட்டு முட்டை ஓட்டை நன்றாக வறுத்து நொறுக்கி வையுங்கள். முழு ஓடாகப் போட்டால் கோழிக்கு முட்டை குடிக்கிற கெட்ட பழக்கம் வந்துவிடும்.

பிறந்து எட்டு வாரம் வரை குஞ்சுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், நூற்றுக்கு இருபது பங்கு. அதைப் பெரிய கோழிகள் பிடுங்காமல் கொடுக்க நம் பழைய பஞ்சாரமே போதும். இரண்டு கல்லின் மேல் தூக்கிக் கவிழ்த்து, உள்ளே ஸ்டார்டர் தீவனத்தை வையுங்கள். குஞ்சு நுழையும், தாய் வெளியே நின்று கொக்கரிக்கும், அவ்வளவுதான். ஸ்டார்டர் மூட்டையில் ரத்தக்கழிச்சலுக்கு மருந்து கலந்திருப்பதும் உண்டு. சீட்டைப் படித்துப் பாருங்கள். கலந்திருந்தால், டாக்டரைக் கேட்காமல் முட்டைக்கோழிக்குப் போடக்கூடாது.

மூட்டை விலை கட்டுப்படியாகாதவர்கள் வீட்டிலேயே கலக்கலாம். நம் ஜில்லாவில் கம்புக்கும் சோளத்துக்கும் பஞ்சமில்லை, விருதுநகர் என்றாலே பருப்பும் எண்ணெயும்தானே! 10 கிலோவுக்கு உடைத்த கம்பு அல்லது சோளம் ஐந்தரை கிலோ, அரிசித் தவிடு 2 கிலோ, கடலைப் புண்ணாக்கு ஒன்றே முக்கால் கிலோ, உப்பில்லாத மீன்தூள் அரைக் கிலோ, தாது உப்புக்கலவை கால் கிலோ. இது குஞ்சு முதல் சேவல் வரை பொதுவாக ஆகும். சாப்பாட்டுக் கருவாட்டை இடித்துப் போட்டுவிடாதீர்கள், அந்த உப்பு குஞ்சைக் கொல்லும். தவிட்டைப் பத்து நாளைக்கு மேல் வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.

புண்ணாக்கு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மழையில் நனைந்து பூசணம் பூத்தது மலிவாகக் கிடைக்கும். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. தேடிப் பார்த்தால், பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைத் தீவனத்தில் பூசணம்! அஃப்ளாடாக்ஸின் என்ற விஷத்தை உலகம் கண்டுகொண்டது அப்போதுதான். வெயிலில் காயவைத்தாலும் அந்த விஷம் போய்விடாது. வேகவைத்தாலும் அப்படித்தான்.

காசே இல்லாத தீவனம் ஒன்று இருக்கிறது. பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, வைக்கோல் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான்! குஞ்சுகள் போட்டி போட்டுத் தின்னும் அழகைப் பார்க்க என் சின்னவள் பள்ளிக்கூடத்துக்கே நேரம் கடத்துவாள்.

பகலெல்லாம் மேய்கிற பெரிய கோழிக்கு, அடையும் முன் 30 முதல் 50 கிராம், அதாவது ஒரு கைப்பிடி தீவனம் போதும். வயிறு நிறைய வைத்தால் மேயப் போகாது. முழுத் தானியம் போடுகிறவர்கள் பொடிக்கல் மணலும் பக்கத்தில் வையுங்கள். இரைப்பையில் அரைக்க அதற்கு வேறு பல்லா இருக்கிறது?

இன்னொன்று, நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டியது. பட்டாசு மருந்து வந்த சாக்கில் தீவனம் கட்டிவைப்பதைச் சில வீடுகளில் பார்க்கிறேன். உதறிக் கழுவினால் சரியாகிவிடும் என்கிறார்கள், சரியாகாது. பச்சை நிற வெளிச்சத்துக்குச் சேர்க்கிற பேரியம் உப்பு விஷம். 2018-ல் உச்ச நீதிமன்றமே பட்டாசில் அதற்குத் தடை விதித்தது. கோழி தின்றது முட்டை வழியாக யார் தட்டுக்கு வரும் என்று சொல்ல வேண்டுமா? புதுச் சாக்கு அல்லது மூடி போட்ட தகர டின், இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கை, மருந்துத்துணியோடு இரை போடாமல், குளித்துத் துணி மாற்றிய பிறகு போடுங்கள்.