ஆடும் புலியும் டேலி ஆகணுமா?

போன வியாழன் சாயந்திரம் எங்க மஸ்கட் வீட்டு ஹாலில் ஒரே சத்தம். பையனும் அவன் நண்பர்களும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடறாங்க. தாள், பென்சில், பகடை, அவ்வளவுதான். ஆளுக்கொரு கற்பனை இனத்தில் பாத்திரம் எடுத்து, எல்லாரும் ஒரே கூட்டமா கதைக்குள்ளே போகணும். மகள் மனித இனத்தை எடுத்தாள். அரை மணி நேரத்தில், "எனக்கு ஒரு வேலையும் இல்லைப்பா" என்று கண்கலங்கி எழுந்து வந்துவிட்டாள்.

பி.காம் புத்தி சும்மா இருக்குமா? புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 2014 பதிப்பு. மனிதனுக்கு ஆறு திறன்களிலும் தலா 1, ஆக 6. எல்ஃபுக்கு ஒன்றில் 2, இன்னொன்றில் 1, ஆக 3. கூட்டிப் பார்த்தால் மனிதன்தான் பணக்காரன். ஆனால் எல்ஃபுக்கு இருட்டில் கண் தெரியும். குகைக்குள் நுழைந்ததும் எல்லாரும் அவனைத்தான் கேக்கறாங்க. மனிதனை யாரும் எதுக்கும் கேக்கறதில்லை. ட்ரையல் பாலன்ஸ் டேலி ஆனாலும் உள்ளே தப்பு இருக்கலாம்னு காலேஜில் படித்தது இதுதான்!

எனக்குக் கொழிஞ்சாம்பாறை அப்புச்சி வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. அங்கே ஆடுபுலி ஆட்டம். மூணாறில் வளர்ந்த என் மனைவிக்கும் அதே ஆட்டம்தான்; மலையாளத்திலும் அதே பேர்தான். புலி 3, ஆடு 15. புலி தாண்டி வெட்டும், ஆட்டால் வெட்டவே முடியாது. ஆனால் ஆடுகள் நெருங்கி நின்றால் புலிக்கு நகர வழியிருக்காது. பலம் சமமே இல்லை. இருந்தும் ஆட்டுப் பக்கம் உட்கார்ந்தவர் வேலையில்லை என்று எழுந்து போய் நான் பார்த்ததில்லை.

அந்தப் புத்தகத்திலேயே விருப்ப விதி ஒன்று இருக்கு. ஆறையும் விட்டுக்கொடுத்தால் இரண்டு திறன்களில் தலா 1, ஒரு தேர்ச்சி, ஒரு தனித்திறமை. மகள் வைத்தியம் எடுத்தாள். கூட்டுத்தொகை 6-லிருந்து 2 ஆகிவிட்டது. இப்போ யாருக்கு அடிபட்டாலும் அவளைத்தான் தேடறாங்க!

2024 பதிப்பில் திறன் கூட்டல்களை இனத்திலிருந்தே எடுத்து, பாத்திரத்தின் முன்வாழ்க்கைக்கு மாற்றிவிட்டார்கள். மனிதனுக்குத் தனித்திறமை நிரந்தரம். நல்ல திருத்தம்.

என் கட்சி இதுதான்: இனங்களைச் சமப்படுத்துகிறவர்கள் கூட்டுத்தொகையைப் பார்த்தால் போதாது. மேசையில் இருக்கிற ஒவ்வொருத்தரையும் மற்றவர்கள் ஒரு தடவையாவது தேடறாங்களான்னு பார்க்கணும்.

அடுத்த லீவில் ரெண்டு பேரையும் அப்புச்சி திண்ணையில் ஆட்டுப் பக்கம் உட்கார வைக்கணும். புலி எனக்கு :-)