எந்த மடையன்?

"என் தகப்பனார் கல்யாணச் சமையல்காரர். 'பழைய தமிழில் மடையன் என்றாலே சமையல்காரன்தானடா!' என்று வகுப்பில் ஒரு நண்பன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நிஜமா? அப்பாவிடம் இதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை" என்று ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார்.

நிஜம்தான், தம்பி! ஆனால் உங்கள் நண்பர் பாதிதான் படித்திருக்கிறார்.

மடை என்றால் சோறு. முக்கியமாக, தெய்வத்துக்குப் படைக்கிற சோறு. அதை ஆக்குகிறவர் மடையர். ஆக்குகிற இடம் மடைப்பள்ளி. ஸ்ரீரங்கத்தில் இன்றும் பெருமாளுக்குத் தளிகை தயாராவது அங்கேதான். சமையல் சாஸ்திரத்துக்கு மடைநூல் என்று பெயர். நாடக மகளிர் கற்க வேண்டிய கலைகளை மணிமேகலையில் அடுக்கிக்கொண்டே போகிற சாத்தனார், யாழோடும் ஓவியத்தோடும் மடைநூலையும் சேர்த்திருக்கிறார். அப்படியொரு நூலை இயற்றியவன் யார் என்கிறீர்கள்? சாக்ஷாத் பீமசேனன்! சிறுபாணாற்றுப்படையே அதைச் சொல்கிறது. விராடன் அரண்மனையில் ஒளிந்திருந்தபோது அவன் பார்த்தது அடுப்படி வேலைதானே? நளன் மட்டும் என்ன? அயோத்தி மன்னனிடம் தேரும் ஓட்டினான், சமையலும் செய்தான். உருவம் மாறியிருந்த அவனைத் தமயந்திக்குக் காட்டிக்கொடுத்ததில் அவன் கைச் சமையலின் ருசிக்கும் பங்கு உண்டு.

வசைச்சொல்லான மடையன் வேறு குடும்பத்துப் பிள்ளை. 'அச்சம், மடம், நாணம்' என்கிறோமே, அந்த மடத்தில் பிறந்தவன். மடம் என்றால் அறியாமை. இரண்டு சொற்களும் உருவத்தில் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான். ஒரே தெருவில் இரண்டு ராமசாமிகள் இருந்தால், ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றவர் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லையா? அந்தக் கதைதான்! (ஏரி மடை வேறு இருக்கிறது, அதைத் திறந்தால் இந்தப் பக்கம் கொள்ளாது.)

வசைக்குச் செல்வாக்கு ஏற ஏற, கௌரவமான சொல் வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டு அகராதிக்குள் ஒதுங்கிவிட்டது என்பது என் எண்ணம். மடைப்பள்ளி மட்டும் கோயிலில் இருந்ததால் பிழைத்தது. அதையும் பேச்சில் 'மடப்பள்ளி' ஆக்கிவிட்டோம்!

ஆகவே அப்பாவிடம் தாராளமாகக் கேளுங்கள், தம்பி. பீமன் சமாசாரத்தை முதலில் சொல்லிவிட்டு, பிறகு கேளுங்கள். முகூர்த்த நாளாக மட்டும் பார்த்துவிடாதீர்கள். அன்றைக்கு அவருக்குக் காது கொடுக்க நேரமிராது.