மரத்தடியில் கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்க்கிழமைகளில் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடைபெறும். எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, வயிற்றில் கை வைத்துச் சிசுவின் நிலையையும் அறிந்துகொண்டு, “வேற ஏதாச்சும் கேக்கணுமாம்மா?” என்று செவிலியர் வினவும்போது, “ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்” என்று சங்கோசத்தோடு எழுந்து வந்துவிடும் பெண், வெளியே மரத்தடியில் உட்கார்ந்ததும் அருகிலிருப்பவளிடம் தாழ்ந்த குரலில் கேட்கத் தொடங்குகிறாளே, அந்தச் சந்தேகங்கள் உள்ளேயே கேட்கப்பட்டிருக்க வேண்டியவை என்பது என் திடமான அபிப்பிராயம்.

அவற்றில் ஒன்று குங்குமப்பூ; அதற்கும் குழந்தையின் நிறத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நிறம் பெற்றோரின் வம்சவழி வருவது. பப்பாளி விஷயத்தில் பாட்டிமார்களை முற்றிலும் தள்ளிவிட முடியாது. காயிலுள்ள பால் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடும் என்று பிராணிகளிடம் நடத்திய ஆராய்ச்சிகள் காட்டியிருப்பதால், காயை விலக்குவது விவேகமே. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்று கணக்கிட்டுக் குறித்துத் தரும் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலரே. ஆகவே அந்தத் தேதி தாண்டியவுடன் கலங்க வேண்டியதில்லை, ஆனால் மருத்துவரைப் பாராமலும் இருந்துவிடக் கூடாது.

என்னை மிகவும் வருத்துவது இரும்புச்சத்து மாத்திரையின் கதை. நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாகக் குறைந்தது 180 நாள் உட்கொள்ள வேண்டுமென்று இலவசமாகக் கொடுக்கப்படும் அந்தச் சிவப்பு மாத்திரைகள், எத்தனையோ வீடுகளில் அரிசி டின்னுக்குப் பின்னால் அட்டை பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. மலம் கறுத்துப் போகிறதே என்ற பயம், குமட்டல், மாத்திரை தின்றால் குழந்தையும் கறுத்துவிடும் என்று யாரோ சொன்ன சொல், இவற்றில் ஏதோ ஒன்று காரணமாயிருக்கும். மலம் கறுப்பது இரும்பின் இயல்பு, அதனால் தீங்கில்லை. குமட்டினால் இரவு ஆகாரத்துக்குப் பின் விழுங்கலாம். காப்பி, தேநீரோடு மட்டும் சேர்க்கலாகாது, அவை இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். இவ்வளவையும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகக்கூடும்; ரத்தம் நிறைந்த தேகம் தாங்கிக்கொள்ளும் அந்த நஷ்டத்தை, முன்பே சோகை பிடித்த தேகம் தாங்குவதில்லை. குழந்தை சிறிதாயிருந்தால் பிரசவம் சுலபம் என்றெண்ணி வயிற்றைக் காயப்போடும் பெண்ணும் இதே அபாயத்தைத்தான் வரவழைத்துக்கொள்கிறாள்.

மரத்தடியில்கூடக் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. நிறைமாதத்தில் ஓர் இரவு, வயிற்றில் அசைவு குறைந்துவிட்டாற்போலத் தோன்றுகிறது. மாமியார் தூங்குகிறார், கணவர் களைத்து வந்து படுத்திருக்கிறார். “கடைசியில இடம் பத்தாம அப்படித்தான் இருக்கும்” என்று யாரோ சொன்னது நினைவுக்கு வர, மௌனமாகத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். அந்த வார்த்தை தவறு. அசைவின் விதம் மாறலாமே தவிர, அசைவு குறையக் கூடாது. கடுமையான தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல் ஆகியவையும் விடியும்வரை காத்திருக்கத் தக்கவையல்ல. வீட்டாரை எழுப்பி, 108-ஐ அழைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; பரிசோதித்துவிட்டு, எல்லாம் சரியாகவே இருக்கிறதென்று அங்குள்ளவர்கள் திருப்பி அனுப்பினாலும், நள்ளிரவில் அலைக்கழித்தாள் என்று வீட்டில் ஒருவரும் முகம் சுளிக்கலாகாது.