வம்சத்தைப் பழிக்குமுன் தட்டைப் பாருங்கள்

"சர்க்கரை வியாதி எங்கள் வம்சத்திலேயே இருக்கிறது, என்ன செய்வது?" என்று சொல்லிக்கொண்டே ஜிலேபிக்குக் கை நீட்டுகிறவர்கள் நம்மவரில் ஏராளம். ராஸ்தா பேட்டிலோ, கட்கியிலோ, தேஹு ரோட்டிலோ எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். பரம்பரை உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பரம்பரையே முழு விதி என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பது சரியல்ல.

தேன் கூட்டைப் பாருங்கள். நம் புனேயிலேயே 1962 முதல் மத்திய தேனீ ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் இருக்கிறது. ராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து வருபவைதான். முதல் மூன்று நாள் எல்லாப் புழுக்களுக்கும் ஒரே விதமான கூழ் கிடைக்கிறது. பிறகு வேலைக்காரப் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த உணவு. ராணியாகப் போகும் புழுவுக்கோ கடைசிவரை அந்தக் கூழ்தான். ஒன்று வருடக்கணக்கில் வாழ்ந்து முட்டையிடுகிறது. மற்றது சில வாரம் உழைத்து மடிகிறது. பிறப்பு ஒன்று, ஊட்டம் வேறு.

ரயில்வேக்காரன் பாஷையில் சொன்னால், ஜீன் என்பது போட்டு வைத்த தண்டவாளம். வண்டி எந்த லைனில் திரும்பும் என்பதைப் பாயிண்ட் போடுகிறவன் தீர்மானிக்கிறான். உணவும் சூழ்நிலையும் அந்தப் பாயிண்ட்ஸ்மேன் வேலையைச் செய்கின்றன.

2003-ம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வாட்டர்லேண்ட், ஜர்ட்டில் என்ற இருவர், மரபில் ஒரே அச்சான எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். கர்ப்பமான எலிகளுக்கு போலிக் அமிலம், பி-12 முதலிய சத்துக்களைக் கூடுதலாகக் கொடுத்தபோது, மஞ்சள் குட்டிகள் குறைந்து பழுப்புக் குட்டிகள் அதிகம் பிறந்தன. மஞ்சள் நிறத்துக்கும் பருமனுக்கும் காரணமான ஜீன் அப்படியேதான் இருந்தது. அதன்மேல் ஒரு ரசாயன முத்திரை விழுந்து, அதன் வேலை அடங்கிவிட்டது.

எலிக்குச் செய்ததை மனிதனுக்குச் செய்து பார்க்க முடியாது. ஆயினும் அதே பி-12 விவகாரம் நம் வாசலிலேயே நிற்கிறது. ராஸ்தா பேட் கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக் குழுவினர், 1993-ல் புனேக்கு அருகே ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைக் கவனிக்கத் தொடங்கினார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குச் சதை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு பி-12 பற்றாக்குறை. அவர்களில் போலிக் சத்து மிகுந்து பி-12 குறைந்திருந்தவர்களின் பிள்ளைகளுக்கு, ஆறு வயதிலேயே இன்சுலினுக்கு உடல் சரிவரப் பணியவில்லை என்று 2008-ல் எழுதினார்கள்.

"என் பாட்டி பழைய சோறு தின்று பத்துப் பிள்ளை பெற்றாளே?" என்று கேட்பீர்கள். பாட்டியின் பிள்ளைகள் வயலில் உழைத்தார்கள். அவள் பேரன் நாற்காலியில் அமர்ந்து வடாபாவ் தின்கிறான். கருவிலேயே பஞ்சத்துக்குப் பழகிய உடம்பு நிறைவைச் சந்திக்கும்போது திணறுகிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஊரை விட்டுப் பிழைக்க வந்த நமக்கு இது மற்றவர்களைவிட அதிகமாகப் பொருந்தும்.

இதற்காகத் தாய்மார்மேல் பழி போட வேண்டாம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுகிறவள் அவள். அந்த வழக்கத்தை நடத்துவது நாம். பி-12 அரிசியிலும் பருப்பிலும் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. அவை வீட்டு ஆண்களின் தட்டோடு நின்றுவிடக் கூடாது. பெண் பிள்ளைக்குப் பத்து வயதிலேயே இந்தக் கவனம் தேவை. கல்யாணமாகிக் கர்ப்பமான பிறகு நினைப்பது தாமதம். மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்படி சாப்பிடட்டும்.

அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்து தரும் திட்டம் 1975-ல் தொடங்கியது. மராத்தி வராது என்ற கூச்சத்தில் நம் பெண்கள் அந்தப் படியை மிதிக்காமலிருப்பது நமக்கே நஷ்டம். விழாவுக்கு வசூலிக்கும் தமிழ்ச் சங்கங்கள், பேட்டைக்கு இரண்டு பெண்களை ஏற்பாடு செய்து இவர்களைக் கூட்டிப்போய்ப் பதிவு செய்யட்டும். அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச் செல்லும் சொத்தில் அதுவும் ஒன்று.