புறாத்தீவில் எண்ணித்தான் இறக்க வேண்டும்

இலங்கையின் நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்கு ஒரு கிலோமீற்றர்தான். காலையில் படகேறினால் முருகைப்பாறைகளையும் கருமுனைச் சுறாக்களையும் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் கரை திரும்பிவிடலாம். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்த இடத்தை இவ்வளவு சுலபமாகக் காண முடிவது நல்ல விடயமே. ஆனால் பெரிய தீவின் நீளமே ஏறத்தாழ 200 மீற்றர்தான். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், வருகிறவர்கள் எல்லோரும் அந்தச் சின்னக் கரையோரத்திலேதான் இறங்குகிறார்கள். ஆகவே ஒரு நேரத்தில் எத்தனை பேர் தண்ணீரில் இறங்கலாம் என்பதற்குக் கண்டிப்பான வரம்பு வேண்டும். மற்ற விதிகள் பலன் தருவதும் தராததும் இதைப் பொறுத்தே இருக்கிறது.

தண்ணீருக்குள் நடப்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். முகமூடிக்குள் உப்புநீர் புகுந்ததும், நீந்திப் பழகாதவர் பதறிப்போய்க் காலை ஊன்றுகிறார். காலுக்குக் கீழே இருப்பது வெறும் கல் என்பது அவர் நினைப்பு. அது உயிருள்ள முருகை. வேகமாக வளரும் கிளை முருகையே நல்ல சூழலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர்தான் வளரும். உருண்டை முருகை ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. பல ஆண்டு வளர்ச்சி ஒரே மிதியில் ஒடிந்துபோகிறது. துடுப்புக்காலணி கிளப்பும் மணல் முருகையின் மேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கிறது. பாசியை மேய்ந்து பாறையைத் துப்புரவாக வைக்கும் மீனுக்குப் பாண் துண்டு போட்டால், அது மேய்ச்சலை விட்டுப் படகைச் சுற்றத் தொடங்குகிறது. இவற்றை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அதனால்தான் அறிவிப்புப் பலகை மட்டும் போதாது. எட்டுப் பேரை ஒரு வழிகாட்டி கவனித்துக்கொள்ளலாம். எண்பது பேரை முடியாது.

கூட்டத்தைக் குறைத்தால் பலன் உண்டு என்பதற்குத் தாய்லாந்தின் மாயா விரிகுடா சான்று. நாளுக்கு ஆயிரக்கணக்கானோர் குவிந்து பாறைகள் சிதைந்ததால் 2018 ஜூனில் அது மூடப்பட்டது. ஆளரவம் அடங்கிய பின் கருமுனைச் சுறாக்கள் கூட்டமாகத் திரும்பின. 2022 ஜனவரியில் திறந்தபோது ஒரு சுற்றுக்கு 375 பேர் என்று வரையறுத்தார்கள். படகுகளை விரிகுடாவுக்குள் விடாமல் தீவின் மறுபக்கம் நிறுத்தினார்கள். நீந்தவும் தடை விதித்தார்கள். புறாத்தீவில் நீந்தத் தடை தேவையில்லை. அந்த நிலை வருமுன் வரம்பு வைத்தால் போதும். வரம்பில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அறிய, கண்ணாடி அடித்தளப் படகுகளும் கூட்டமும் சேர்ந்து நலிவித்த, இலங்கையின் தென்கரையிலுள்ள ஹிக்கடுவை முருகைப்பாறைகளைப் பார்க்கலாம்.

கடல் சூடேறி முருகை வெளிறுவதுதான் பெரிய ஆபத்து, பயணிகளைக் குறை சொல்லி என்ன பயன் என்று கேட்பார்கள். வெளிறல் பெரிய ஆபத்து என்பது உண்மைதான். ஆனால் வெளிறிய முருகை உடனே சாவதில்லை. நீர் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மிதிபட்டால் பிழைக்கும் வாய்ப்பும் போய்விடும். உலக வெப்பத்தை நிலாவெளியில் இருந்துகொண்டு குறைக்க முடியாது, மிதிப்பதை நிறுத்த முடியும். படகோட்டிகளின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட கரை அது. அவர்கள் வருமானத்தில் கைவைக்கும் திட்டம் நிலைக்காது. எனவே படகுகளைக் குறைக்காமல், பயணங்களை நேரம் பிரித்து முறைவைத்து விடலாம். காலையில் குவியும் கூட்டம் நாள் முழுக்கப் பரவும். அப்படியும் பயணங்கள் குறைந்தால், நுழைவுக் கட்டணத்தின் ஒரு பங்கில் படகோட்டிகளையே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக்கிச் சம்பளம் கொடுக்கலாம். பாறை செத்தால் முதலில் தொழில் இழக்கப்போவதும் அவர்கள்தான்.

வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் அடுத்த பருவத்துக்குள் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு நேரத்துக்கும் ஆள் வரம்பு வைத்து, நுழைவுச்சீட்டில் அந்த நேரத்தை அச்சிட வேண்டும். முருகைக்கு மேலே போகுமுன், மணல் தரையுள்ள நீரில் பயணிகளை உயிர்காப்பு அங்கியோடு மிதக்கப் பழக்க வேண்டும். முருகை வெளிறும் மாதங்களில் வெளிறிய பகுதியை மூட வேண்டும். இவற்றுக்குப் பெரும் முதலீடு வேண்டாம். ஆளை எண்ணி அனுப்பும் உறுதி இருந்தால் போதும்.