கேள்வி கேட்கும் கல்வி

'ஆய்வு சொல்கிறது' என்று ஒருவர் தொடங்கினாலே நாம் வாயடைத்துப் போகிறோம். அந்த ஆய்வையே கேள்வி கேட்க நம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோமா? கார்ல் பெர்க்ஸ்ட்ரோம் என்ற அறிஞரின் பணிகளைப் படித்தபோது என் மனத்தில் எழுந்த வினா இது.

அமெரிக்காவின் சியாட்டல் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவரும் இவர், பரிணாம உயிரியல் அறிஞர். பசித்த பறவைக் குஞ்சு இரை கேட்டுக் கத்துகிறது. பசிக்காத குஞ்சும் அவ்வாறே கத்தித் தாயை ஏமாற்றலாமே? உயிர்கள் அனுப்பும் செய்தி எப்போது நம்பத்தக்கது? 1990களில் மைக்கேல் லாக்மனுடன் சேர்ந்து இத்தகைய வினாக்களைக் கணித வழியில் ஆராய்ந்தார்.

பின்னர் அதே வினாவை அறிவியல் உலகின் மீதும் திருப்பினார். அவரும் மூவரும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட கட்டுரை என்னைத் திடுக்கிட வைத்தது. 'விளைவு உண்டு' என்னும் முடிவுகளே பெரிதும் அச்சேறி, 'விளைவு இல்லை' என்பவை ஒதுக்கப்பட்டால், தவறான கூற்றும் நாளடைவில் உண்மையாக நிலைபெற்றுவிடும் என்கிறது அக்கட்டுரை. இதற்கு எவரும் பொய் சொல்லத் தேவையில்லை. பாதியை மறைத்தாலே போதும்!

2017இல் ஜெவின் வெஸ்ட் என்பவருடன் இணைந்து, புள்ளிவிவரப் புரட்டுகளைக் கண்டறியும் பாடமொன்றைத் தொடங்கினார். 2020இல் அது நூலாகவும் வந்தது. அதன் பெயரைத் தமிழில் எழுத நாகரிகம் தடுக்கிறது! முகத்தைப் பார்த்தே குற்றவாளியைக் கணினி கண்டுபிடிக்கும் என்று 2016இல் ஓர் ஆய்வு கூறியது. இருவரும் கணினியின் நுட்பத்திற்குள் நுழையவே இல்லை. அதற்குக் கொடுத்த படங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார்கள். குற்றவாளிகளின் படங்கள் அடையாள அட்டைப் படங்கள். மற்றவர்களுடையவை இணையத்தில் எடுத்தவை. பின்னவற்றில் மெல்லிய புன்னகை தெரிந்தது. கணினி கண்டது குற்றத்தை அன்று, புன்னகையையே என்று விளக்கினார்கள்.

இதற்குப் பட்டம் தேவையில்லை. ஆறாம் ஆண்டு மாணவனும் இக்கேள்வியைக் கேட்க முடியும். ஆனால், நாம் விடையைத்தானே மனனம் செய்யச் சொல்கிறோம்? 'இதை யார் சொன்னார்? எப்படிக் கண்டறிந்தார்? எதை விட்டுவிட்டார்?' இம்மூன்று கேள்விகளையும் அறிவியல் பாடம் தோறும் கேட்கப் பழக்குவோம். எதையும் நம்பாத பிள்ளைகளை உருவாக்குவது நம் நோக்கமன்று. எதை, ஏன் நம்புகிறோம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகளே நமக்குத் தேவை.

ஆசிரியர்களே, உங்கள் கருத்து என்ன?